பரிசல் சுற்றுமா?

ஒரு பொம்மை ஐடியா கொண்டு வா என்று டிசைன் கல்லூரி மாணவரிடம் சொன்னால் முதலில் என்ன செய்வார்?

லேப்டாப்பைத் திறப்பார். ஒரு தலைப்பு வைப்பார். தலைப்பில் பெரும்பாலும் பாரம்பரியம் இருக்கும், அல்லது சுற்றுச்சூழல் இருக்கும். அடுத்து, யாருக்காகச் செய்கிறோம் என்று ஒரு கற்பனைக் குழந்தையைப் பெற்றெடுப்பார். அதற்கு ஐந்து வயது. பெயர் உண்டு, பிடித்த நிறம் உண்டு. இந்தப் பொம்மை அந்தக் குழந்தைக்கு எந்த நற்குணத்தைக் கற்றுத்தரும் என்று ஒரு பக்கம். பிறகு கலர் கலராக ஸ்லைடுகள். எல்லாம் முடிந்து, சமர்ப்பிக்க நாலு நாள் பாக்கி இருக்கும்போதுதான் மரத்தையோ அட்டையையோ கையில் எடுப்பார்.

மாணவர்மேல் தப்பில்லை. அப்படித்தான் கேட்கிறார்கள்.

யாரோ சில நூறு மாணவர்கள் பொம்மை செய்கிறார்கள், நமக்கென்ன என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டலாம். கொஞ்சம் பொறுங்கள். 2020-க்குப் பிறகு நம் ஊர்ப் பொம்மைக் கடையில் ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. அந்த வருட பட்ஜெட்டில் பொம்மை மீதான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது. 2023-ல் 70. 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்றார்கள். அரசு தரும் கணக்குப்படி 2014-15-ல் சுமார் 33 கோடி டாலருக்கு இருந்த பொம்மை இறக்குமதி, 2022-23-ல் 16 கோடிக்குக் கீழே வந்துவிட்டது. ஏற்றுமதி 9.6 கோடி டாலரிலிருந்து 32.5 கோடியைத் தாண்டியது. பி.காம். படித்தவன் என்கிற முறையில் இந்த எண்கள் எனக்கு இனிக்கத்தான் செய்கின்றன. ஆனால் எண்களுக்குப் பின்னால் ஒரு கேள்வி நிற்கிறது. தொழிற்சாலை கட்டிவிடலாம். அச்சு வாங்கிவிடலாம். அந்த அச்சில் ஊற்றப்போகும் பொம்மையை யோசிக்கப்போவது யார்?

அந்த மாணவர்கள்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

இந்த விஷயத்தில் நம் நாட்டில் எழுதப்பட்ட நல்ல புத்தகம் எது என்று கேட்டால் ஒன்றைத் தயங்காமல் சொல்வேன். சுதர்சன் கன்னா எழுதிய 'தி ஜாய் ஆஃப் மேக்கிங் இந்தியன் டாய்ஸ்'. நேஷனல் புக் டிரஸ்ட் 1992-ல் வெளியிட்டது. கன்னா, அகமதாபாத் நேஷனல் இன்ஸ்டிடியூட் ஆஃப் டிசைனில் ஆசிரியராக இருந்தவர். அதற்கு முன்பே, 1983-ல், 'டைனமிக் ஃபோக் டாய்ஸ்' என்று ஒன்று எழுதியிருந்தார். திருவிழாவில் விற்கும் காற்றாடி, ஊதல், கிலுகிலுப்பை. பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ளும் காகிதத் தவளை, இலைப் பீப்பி. இதையெல்லாம் ஊர் ஊராகத் தேடிச் சேர்த்தவர். சென்னையின் தாரா பதிப்பகம் 1999-ல் கொண்டுவந்த 'டாய்ஸ் அண்ட் டேல்ஸ் வித் எவ்ரிடே மெட்டீரியல்ஸ்' நூலிலும் அவர் பங்கு உண்டு.

இவர் வேலை பார்த்த நிறுவனத்துக்கும் பொம்மைக்கும் ஒரு ஜென்ம சம்பந்தம் இருக்கிறது. 1958-ல் சார்லஸ், ரே ஈம்ஸ் என்ற அமெரிக்கத் தம்பதி இந்தியா முழுக்கச் சுற்றிவிட்டு எழுதிக் கொடுத்த அறிக்கையிலிருந்துதான் 1961-ல் அந்த நிறுவனம் பிறந்தது. அந்தத் தம்பதி பெரிய பொம்மைப் பைத்தியங்கள். பொம்மை ரயில்களை வைத்து 1957-ல் ஒரு படம் எடுத்தார்கள். 1969-ல் பம்பரத்துக்கென்றே ஏழு நிமிடச் சொச்சத்தில் ஒரு படம். வெவ்வேறு தேசத்துப் பம்பரங்கள் சுற்றும், தள்ளாடும், விழும். அவ்வளவுதான் படம். கதை கிடையாது, கருத்து கிடையாது. பார்த்து முடித்தால் உடனே எங்காவது ஒரு பம்பரம் கிடைக்காதா என்று இருக்கும்.

கன்னாவின் புத்தகமும் அதே வேலையைச் செய்கிறது. தலைப்பில் அவர் பயன்படுத்தும் 'டைனமிக்' என்ற சொல்தான் மொத்த விஷயமும். அலமாரியில் உட்காருகிற பொம்மையில் அவருக்கு அக்கறை இல்லை. ஏதாவது செய்ய வேண்டும். சுற்ற வேண்டும், பறக்க வேண்டும், கத்த வேண்டும். காசே ஆகாத பொருளில், அல்லது காசு என்று சொல்லவே கூச்சப்படுகிற விலைக்குக் கிடைக்கும் பொருளில். கோட்டோவியமும் செய்முறையுமாக ஒவ்வொன்றையும் விளக்குகிறார். படிக்கும்போது கை பரபரக்கிறது. செய்முறைப் புத்தகத்துக்கு வேறென்ன சான்றிதழ் வேண்டும்?

இந்தக் கண்ணோடு தர்மபுரி மாவட்டத்துக்குள் நடந்து பாருங்கள். பனை உள்ள ஊரில் சித்திரை, வைகாசி வந்தால் நுங்கு வண்டி. நுங்கைத் தோண்டித் தின்றபின் மிஞ்சும் இரண்டு கூடுகள்தான் சக்கரம். இரண்டையும் கோக்க ஒரு குச்சி. தள்ளிக்கொண்டு ஓட, முனையில் கவை உள்ள நீளக் குச்சி. முடிந்தது. சக்கரமும் அச்சும் சேர்ந்தே உருளும். அந்த அச்சு, கவைக்குள் வழுக்கிக்கொண்டு சுற்றும். கவை அகலமாக இருந்தால் வண்டி கோணிக்கொண்டு போகும். குறுகலாக இருந்தால் மாட்டிக்கொள்ளும். ஏழு வயதுப் பையன் நாலு கவையை உடைத்துப் பார்த்துவிட்டு ஐந்தாவதை வைத்துக்கொள்வான். டிசைன் பாடத்தில் இதற்கு 'ஐட்டரேஷன்' என்று பேர் வைத்து ஒரு செமஸ்டர் நடத்துகிறார்கள்.

மூன்றாம் நாள் நுங்குக் கூடு காய்ந்து சுருங்கிவிடும். தூக்கிப் போட்டுவிட்டு வேறு செய்வான். மறுபடி செய்யத் தெரியும் என்பதால் அழமாட்டான்.

ஒரு கண்காட்சியில் இதே நுங்கு வண்டியை ரப்பர் மரத்தில் பார்த்தேன். வழவழவென்று பாலிஷ் போட்டு, எஃகு அச்சு வைத்து, பழுப்புக் காகிதப் பெட்டிக்குள். விலை 850 ரூபாய். பெட்டிமேல் பாரம்பரியம் பற்றி ஒரு பத்தி. உருட்டிப் பார்த்தேன். உருண்டது. குறை சொல்ல முடியாது. ஆனால் அதில் ஒரு குழந்தை மாற்றுவதற்கு ஒன்றுமே இல்லை. கவையை ஒடிக்க முடியாது, சக்கரத்தைத் தின்ன முடியாது. செய்தவர் நுங்கு வண்டியின் உருவத்தைப் படி எடுத்திருக்கிறார். அதற்குள் நடந்த வேலையை விட்டுவிட்டார்.

என் புகார் இதுதான். நம் பொம்மைப் படிப்பும் போட்டிகளும் மாணவரை உருவத்திலிருந்தும் கருத்திலிருந்தும் தொடங்கச் சொல்கின்றன. பொம்மை அங்கே தொடங்குவதில்லை. கை திரும்பத் திரும்பச் செய்ய ஆசைப்படும் ஒரு அசைவில் தொடங்குகிறது.

2021-ல் மத்திய அரசு 'டாய்க்கத்தான்' என்று ஒரு தேசியப் போட்டி நடத்தியது. பள்ளி மாணவர்கள், கல்லூரி மாணவர்கள், தொழில் தொடங்குகிறவர்கள் எல்லோருக்கும். நல்ல முயற்சிதான், சந்தேகமில்லை. ஆனால் கொடுத்த தலைப்புகளைப் பாருங்கள். இந்தியப் பண்பாடு, வரலாறு. சமூக, மனித விழுமியங்கள். சுற்றுச்சூழல். தலைப்பு முதலில் வந்துவிட்டால், பொம்மை அதற்கு உரை எழுத வந்த புலவர் மாதிரி ஆகிவிடும். பாம்பும் ஏணியும் பலகையை எடு, பாம்புக்குப் பதில் பிளாஸ்டிக் பை, ஏணிக்குப் பதில் மஞ்சப்பை. சுற்றுச்சூழல் விளையாட்டு ரெடி. பகடையை உருட்டுகிற பிள்ளைக்கு எல்லாம் ஒன்றுதான்.

வெளியிலிருந்து ஒரு உதாரணம். 1974. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரம். எர்னோ ரூபிக் அங்கே ஒரு கலைக் கல்லூரியில் டிசைன் வாத்தியார். சின்னச் சின்னக் கட்டைகள் தனித்தனியாகத் திரும்ப வேண்டும், ஆனால் மொத்தமும் கழன்று விழக் கூடாது, முடியுமா? அவரைப் பிடித்துக்கொண்ட கேள்வி இவ்வளவுதான். மரத்தில் செதுக்கிச் செய்து பார்த்தார். முகங்களுக்கு வண்ணம் கொடுத்துத் திருகினார். பழைய நிலைக்குக் கொண்டுவர முடியவில்லை. தான் செய்த பொருளைத் தானே விடுவிக்க அவருக்கு ஒரு மாதம் போல ஆயிற்று. ரூபிக் க்யூபுக்கு எந்த விழுமியமும் கிடையாது. உலகம் இன்னும் கீழே வைக்கவில்லை.

இப்போது தர்மபுரிக்குத் திரும்புவோம். அரூர்ப் பக்கத்துப் பெண் ஒருவர் பெங்களூரில் டிசைன் படிக்கிறார். நண்பர் வழியாகப் பழக்கம். பொம்மை ப்ராஜெக்டுக்கு அவர் எடுத்துக்கொண்டது ஒகேனக்கல் பரிசல். சொந்த மாவட்டத்துப் பொருள், அழகான வட்டம், பக்கத்தில் அருவி. யாருக்குத்தான் ஆசை வராது?

முதலில் செய்ததைக் கொண்டுவந்து காட்டினார். கடைசலில் கடைந்த மரக் கிண்ணம். வெளியே கறுப்புச் சாயம், உள்ளே மூங்கில் பின்னல் மாதிரி ஓவியம். நடுவில் ஒரு பரிசல்காரர், சுற்றிலும் ஒரு குடும்பம், எல்லோரையும் பசை போட்டு ஒட்டியிருந்தது. பார்க்க ரொம்ப லட்சணம்.

"தண்ணில விட்டுப் பார்த்தியாம்மா?"

"இல்ல சார். இது டேபிள்ல வைக்கிறது. பெயின்ட் போயிடும்."

ரோலான் பார்த் என்ற பிரெஞ்சு விமரிசகர் 1957-ல் 'மித்தாலஜீஸ்' என்ற புத்தகத்தில் பொம்மைகளைப் பற்றிச் சின்னதாக ஒரு கட்டுரை சேர்த்திருந்தார். பெரியவர்களின் உலகத்தைச் சுருக்கிக் கையில் கொடுத்தால் பிள்ளை அதை வைத்துக்கொள்ளும், புழங்கும். எதையும் புதிதாக உண்டாக்காது என்பது அவர் வாதம். பசை போட்டு ஒட்டிய குடும்பத்தைப் பார்த்ததும் எனக்கு அவர் நினைவுதான் வந்தது. சொல்லவில்லை. பாவம், ராத்திரி கண் விழித்துச் செய்திருக்கிறார்.

வேலையை முடித்துவைத்தவன் அவருடைய தம்பி. ஊருக்குக் கொண்டுபோனதும் தூக்கித் தொட்டியில் போட்டுவிட்டான். மேலே பாரம் அதிகம். குடும்பத்தோடு கவிழ்ந்தது. அவன் அதைத் திரும்ப எடுத்து, ஈரத் தரையில் வைத்து, ஓரத்தைப் பிடித்து ஒரு சுண்டு சுண்டினான். கிறுகிறுவென்று சுற்றியதாம். அன்று சாயங்காலம் முழுக்க அதையே செய்துகொண்டிருந்தானாம்.

பரிசல் என்றால் என்ன என்பதை அந்தப் பையன் கண்டுபிடித்துவிட்டான். நீங்கள் ஒகேனக்கல் போயிருந்தால் தெரியும். அதற்கு முன் பக்கமும் இல்லை, பின் பக்கமும் இல்லை. படகுக்கு அடியில் நீளமாக ஓடும் கட்டை இதில் கிடையாது. அதனால்தான் பாறைக்கு நடுவே, ஆழம் குறைந்த இடத்திலும் வழுக்கிக்கொண்டு போகிறது. அதே காரணத்தால்தான் ஒரே பக்கம் துடுப்புப் போட்டால் நகராமல் சுற்றுகிறது. நேராகப் போக வேண்டுமென்றால் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாற்றி மாற்றி வலிக்க வேண்டும். கொஞ்சம் கூடுதலாகக் காசு கேட்டு, பரிசல்காரர் நடு ஆற்றில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுவாரே, அதுதான் அந்த வாகனத்தின் உயிர். மர பொம்மையில் பரிசலின் முகம் இருந்தது, சுற்று இல்லை.

அடுத்த மாதம் அவர் செய்தது கொட்டாங்குச்சியில். முதல் பாதியில் தண்ணீர் ஏறியது. தேங்காயின் கண் அந்தப் பக்கம் இருக்கிறதே! கண் இல்லாத பாதியை எடுத்தார். அது மிதந்தது, ஆனால் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. அடியில் சுண்டைக்காய் அளவு களிமண் வைத்து அழுத்தினார். நிமிர்ந்தது. களிமண்ணைக் கொஞ்சம் ஓரமாக நகர்த்தினால் சாய்ந்துகொண்டே சுற்றியது. ஐஸ் குச்சிதான் துடுப்பு. கொட்டாங்குச்சியைத் தொடக் கூடாது, பக்கத்துத் தண்ணீரை மட்டும் தள்ள வேண்டும். சொல்லும்போது சுலபம். செய்து பாருங்கள், அது இருந்த இடத்திலேயே சுற்றிக்கொண்டு உங்களைப் பார்த்துச் சிரிக்கும்.

மீதியைத் தெருப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டார்கள். பெரிய குண்டானில் ஒரு ஓரம் தமிழ்நாட்டுக் கரை, எதிர் ஓரம் கர்நாடகக் கரை. புளியங்கொட்டைகள் பயணிகள். எத்தனை பேரை ஏற்றினால் முழுகும் என்று ஒரு போட்டி. முழுகாமல் அக்கரை சேர்ப்பது இன்னொரு போட்டி. குண்டானில் தண்ணீர் குறைந்ததும் ஒரு வாண்டு, "கர்நாடகா தண்ணி விடலைடா" என்றதாம். இந்த விதிகளில் ஒன்றைக்கூட அந்தப் பெண் யோசிக்கவில்லை. கன்னா சேர்த்த பொம்மைகளுக்கெல்லாம் ஏன் ஆசிரியர் பெயர் இல்லை என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது.

கல்லூரியில் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். நடுவர் ஒருவர் கேட்டாராம்: "எல்லாம் சரி, இதில் உன் டிசைன் எங்கே?"

அந்தப் பெண்ணுக்கு ஏக வருத்தம். எனக்கும்தான். ஆனால் ராத்திரி படுத்து யோசித்தபோது, அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருப்பதாகத் தோன்றியது. அவர் வேலைக்குப் போக வேண்டும். ராணிப்பேட்டையில் ஆலை வைத்திருக்கும் ஃபன்ஸ்கூல் மாதிரி ஒரு கம்பெனி வாசலில் கொட்டாங்குச்சியோடு போய் நிற்க முடியாது. அங்கே பொம்மையை அச்சில் ஊற்ற வேண்டும். அச்சு செய்ய லட்சக் கணக்கில் ஆகும், ஆயிரக் கணக்கில் விற்றால்தான் அந்தக் காசு திரும்பும். செய்கிற செலவைப் போல நாலைந்து மடங்கு கடை விலை வைப்பது இந்தத் தொழிலில் சகஜம். இந்தக் கணக்குக்குள் நுழைகிற மாதிரி ஒரு ஐடியாவை வளர்ப்பதும் படிப்பில் ஒரு பகுதிதான்.

கன்னாவின் புத்தகத்தில் எனக்குக் குறையாகத் தெரிவதும் இதுதான். காசில்லாமல் செய்வதன் மகிழ்ச்சி அதில் நிரம்பி வழிகிறது. அந்தப் பொம்மையை வைத்துப் பிழைக்கிறவரின் வரவு செலவு இல்லை. திருவிழாவில் காற்றாடி விற்கிறவர் ஒரு நாளைக்கு எத்தனை செய்கிறார், எத்தனை விற்கிறார், மழை பெய்தால் என்ன ஆவார்? ஊர்க் கைவினைஞரை மாணவருக்குக் குருவாகக் காட்டுகிற புத்தகம், குருவின் சட்டைப் பையையும் எட்டிப் பார்த்திருக்கலாம். இன்னொன்று, செய்முறைகள் ரொம்பச் சுத்தமாக இருக்கின்றன. எங்கே தப்பும், தப்பினால் எதை மாற்றுவது என்பது போதவில்லை. கண் உள்ள பாதியில் தண்ணீர் ஏறும் என்பது மாதிரியான தகவல்தான் மாணவருக்குச் சோறு போடும்.

பொருளும் மாறிவிடுகிறது. அரவிந்த் குப்தாவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஐ.ஐ.டி. கான்பூரில் படித்துவிட்டு, டெல்கோவிலிருந்து 1978-ல் ஒரு வருடம் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளுக்குப் போனவர். சைக்கிள் வால்வ் டியூபையும் தீக்குச்சியையும் கோத்து முக்கோணம், கூம்பு, வீடு என்று கட்டிக் காட்டினார். 2018-ல் பத்மஸ்ரீ. குப்பையிலிருந்து பொம்மை என்றால் இந்தியாவில் அவர்தான். அவர் அன்றைக்குப் பயன்படுத்திய ஃபிலிம் ரோல் டப்பாவை இன்று எந்தக் குப்பையில் தேடுவது? வால்வ் டியூப் வேண்டுமென்றால் பழைய சைக்கிள் கடைக்காரர் ஒருவர் உயிரோடு இருக்க வேண்டும். குப்பைக்கும் வயசாகிறது, சார். மாணவர்கள் அவருடைய பொம்மைகளை அப்படியே திரும்பச் செய்து மதிப்பெண் வாங்குவதைவிட, இன்றைய தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் என்ன குப்பை கிடக்கிறது என்று போய்ப் பார்க்கலாம்.

அரூர்ப் பெண் விடவில்லை. விற்கக் கூடிய பரிசல் ஒன்றைச் செய்தே தீருவது என்று இறங்கினார். தர்மபுரிக்காரர்களுக்கு பெங்களூர் பக்கம். பெங்களூரிலிருந்து மைசூர் போகும் வழியில் சன்னபட்டணம். அங்கே வெட்பாலை மரத்தைக் கடைந்து, சுற்றும்போதே அரக்குச் சாயம் ஏற்றுவார்கள். அச்சுச் செலவு கிடையாது, பத்து வேண்டுமானாலும் செய்து தருவார்கள். ஆனால் மரத்தைத் தினம் தண்ணீரில் போட்டால் ஊறும், வெடிக்கும். பிளாஸ்டிக் என்றால் அச்சு. கொட்டாங்குச்சி என்றால் விலையே இல்லை. புளியங்கொட்டையில் வேறொரு சிக்கல். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் பொம்மையில் வரும் சின்னத் துண்டுகளை 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு குழலில் போட்டுப் பார்ப்பார்கள். முழுசாக உள்ளே அடங்கினால் ஃபெயில். தொண்டையில் சிக்கும் என்று அர்த்தம். புளியங்கொட்டை உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். பெரிய பிள்ளைகளுக்கு மட்டும் என்று எழுத வேண்டும். குண்டான் தண்ணீர் என்பதால் பக்கத்தில் பெரியவர் ஒருவர் வேண்டும் என்றும் எழுத வேண்டும்.

கடைசியில் அவர் பிடித்தது ஒரு தாள். எட்டாக மடித்த ஒற்றைத் தாள், தமிழில். கொட்டாங்குச்சி, களிமண், குச்சி எல்லாம் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. தாளுக்கு மட்டும் காசு. கூடவே, மஞ்சள் சாயம் தோய்த்த இரண்டு மூங்கில் துடுப்புகள். ஆயிரம் பிரதிக்கு அச்சுக் கூலி, காகிதம், துடுப்பு, கழிவு எல்லாம் போட்டு என்னைக் கணக்குப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். லாபம் பெரிதாக இல்லை, நஷ்டமும் இல்லை. ஒகேனக்கல் பஸ் நிறுத்தத்தில் மீன் வறுவல் கடைக்குப் பக்கத்தில் வைத்தால் போகும் என்று எனக்குத் தோன்றுகிறது.

தாளின் தலையில் பரிசலின் வரலாறு பற்றி ஒரு பத்தி எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

"வேணாம்மா. 'கண் இல்லாத பாதியை எடுங்கள்'னு ஆரம்பி" என்றேன்.